நம்ம ஊரு மியூசிக்கல்: கூத்து, நாடகம், ஒரு ஏரியின் பெயர்

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகக் கொஞ்சம் சீர்படுத்தித் தந்திருக்கிறோம்.)

போன மாசம் ஆபீஸ் கேன்டீன்ல நடந்த ஒரு பேச்சுல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க டீம்ல ஒருத்தங்க 2023ல மும்பைக்குப் போய் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' மேடை நாடகத்தைப் பார்த்துட்டு வந்தவங்க. பிளைட், டிக்கெட், ரூம் எல்லாம் சேர்த்து ஒரு மாசச் சம்பளத்துல பெரிய துண்டு போச்சு. ஆனா இன்னிக்கும் அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா முகமே மாறிடும். "சினிமாவுல பாட்டு வரும்போது நான் போனைப் பார்ப்பேன். அங்க ஒருத்தர் எனக்கு முன்னாடி நின்னு மூச்சு வாங்கிப் பாடுறாங்க, நான் அசையவே இல்ல"ன்னு சொன்னாங்க. உடனே இன்னொரு நண்பர், "நம்ம ஊர்ல இந்த மியூசிக்கல் கல்ச்சரே இல்லயே ப்ரோ"ன்னார்.

நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் பரிகாரம்தான் இந்த எபிசோட்.

ஏன்னா எனக்கு ஊர் ஊத்துக்கோட்டை பக்கம். ஆரணி ஆத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா சுருட்டப்பள்ளி, ஆந்திரா. கடையில தமிழ்ல விலை கேட்டா தெலுங்குல பதில் வரும், யாருக்கும் அது வித்தியாசமாத் தெரியாது. எட்டு வயசுல, ஒரு கோடைக்கால ராத்திரி, எங்க ஆயா என்னைத் தூக்கத்துல இருந்து எழுப்பி, ஒரு பாய், ஒரு போர்வை, தூக்குச்சட்டியில கொஞ்சம் சோறு எடுத்துக்கிட்டு, பக்கத்து கிராமத்துத் திரௌபதியம்மன் கோயில் திடலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க விடிய விடிய நடந்தது முழு நீள மியூசிக்கல். டிக்கெட் கிடையாது, சீட் நம்பர் கிடையாது, பாய் போட்ட இடம்தான் நம்ம சீட்.

தெருக்கூத்து பார்க்காதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். வட தமிழ்நாட்டுல, அதாவது பழைய தொண்டை மண்டலத்துல, திரௌபதியம்மன் கோயில் திருவிழான்னா பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. மகாபாரதத்தை ஒரு ராத்திரிக்கு ஒரு கதைன்னு வரிசையா ஆடுவாங்க. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். சீசன் 1, எபிசோட் 1ல இருந்து ஃபினாலே வரைக்கும். ஹார்மோனியம், மத்தளம், தாளம், முகவீணை, இவ்வளவுதான் இசைக்குழு. முகவீணைங்கறது நாதஸ்வரத்தோட குட்டித் தம்பி மாதிரி இருக்கும். குரல் மட்டும் பெரிய பையன்.

எனக்கு இன்னும் ஞாபகத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிறது திரை. ரெண்டு பேர் ஒரு வெறும் துணியைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிப்பாங்க. துணிக்கு மேல கிரீடத்தோட நுனி தெரியும். கீழ சலங்கை கட்டின கால் தெரியும். நடுவுல என்ன இருக்குன்னு தெரியாது. அங்கிருந்து குரல் வரும். வேஷக்காரர் தன் வருகையைத் தானே பாடுவார், பின்பாட்டுக்காரங்க அதை வாங்கித் திருப்பிப் பாடுவாங்க. வரேன், வரேன்னு அவர் பாடப் பாட நமக்குப் பொறுமை போயிடும். கடைசியில திரை விலகும்போது பார்த்தா கல்யாண முருங்கை மரத்துல செதுக்கின கிரீடம், தோள்ல புஜக்கட்டை, கண்ணாடித் துண்டுகள்ல பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பட்டுத் தெறிக்க, துரியோதனன் சுத்திச் சுத்தி வருவான். எட்டு வயசுப் பையனுக்கு இதைவிடப் பெரிய என்ட்ரி சீனை எந்தப் படமும் இதுவரைக்கும் காட்டலை. சினிமாவுல ஹீரோவோட காலை மட்டும் காட்டி, அப்புறம் முகத்தைக் காட்டுற ஐடியா யாருடையதுன்னு இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் கட்டியக்காரன். ராஜாவுக்குக் கட்டியம் சொல்றவன், காவலாளி, கோமாளி, டைம்கீப்பர் எல்லாமே அவன்தான். பாஞ்சாலி அழுதுக்கிட்டு இருக்கும்போது நடுவுல நிறுத்தி, இன்ன தெரு இன்னார் மகன் இவ்வளவு ரூபாய் அன்பளிப்புன்னு அறிவிப்பான். பாஞ்சாலியும் அதுவரைக்கும் அழுகையை நிறுத்திக் காத்திருப்பாங்க. அறிவிப்பு முடிஞ்சதும் விட்ட இடத்துல இருந்து அழுகை தொடரும். ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. கொஞ்ச நேரத்துல துச்சாதனன் சேலையில கை வைக்கப் போற இடம் வரும். அப்போ கற்பூரம் ஏத்துவாங்க. உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து நிக்கும். அந்த வேஷம் கட்டினவரே கை கூப்பிட்டுத்தான் அந்தக் காரியத்துல இறங்குவார். நாடகம் எங்க முடியுது, கோயில் எங்க ஆரம்பிக்குதுன்னு அந்த நிமிஷத்துல யாராலும் கோடு போட முடியாது.

அர்ச்சுனன் தபசு அன்னிக்கு உயரமான ஒரு மரத்தை நட்டு, படி வெச்சு, அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் பாடிக்கிட்டே ஏறுவார். மேல இருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி போடுவார். குழந்தை வேணும்னு வேண்டிக்கிட்ட பெண்கள் கீழ மடி ஏந்தி நிப்பாங்க. சேஃப்டி பெல்ட் கிடையாது. பாட்டு மட்டும் ஸ்ருதி விலகாது.

இவ்வளவையும் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனா இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல ஒருத்தன் "கூத்தாடி"ன்னு கேலியா ஒரு ஜோக் சொன்னப்போ, "உங்க ஊர்ப் பக்கம் இதெல்லாம் உண்டாடா"ன்னு என்னைக் கேட்டான். நான் பார்த்ததே இல்லன்னு சொல்லிட்டேன். பத்து வருஷம் ஆகப் போகுது. கேன்டீன்ல தலையாட்டினதும் அதே பொய்தான்.

சரி, ஹிஸ்டரிக்கு வருவோம். ஊத்துக்கோட்டையில இருந்து திருவள்ளூர் போற வழியில பூண்டி ஏரி இருக்கு. சென்னையில நீங்க குடிக்கிற தண்ணியில ஒரு பங்கு அங்கிருந்து வருது. கிருஷ்ணா தண்ணி தமிழ்நாட்டு எல்லையைத் தொடற ஜீரோ பாயிண்ட் எங்க ஊர்ப் பக்கம் தாமரைக்குப்பத்துல இருக்கு. 1996ல முதல்முறையா தண்ணி அங்க வந்தது. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் கால்வாய்ல ஓடிப் பூண்டிக்குப் போகுது. அந்த ஏரியோட அதிகாரபூர்வமான பேர் சத்தியமூர்த்தி சாகர்.

தீரர் சத்தியமூர்த்தியை நமக்குப் பாடப் புத்தகத்துல காங்கிரஸ் தலைவர், காமராஜரோட அரசியல் குருன்னு அறிமுகம் செஞ்சாங்க. 1939ல சென்னை மேயர் ஆனவர். நகரத்துக்குத் தண்ணி இல்லன்னு, உலகப் போர் நடக்கிற நேரத்துல, பிரிட்டிஷ் அரசோட பேசிப் பூண்டித் திட்டத்தைக் கொண்டு வந்தார். 1940ல அடிக்கல். 1944ல ஏரி திறந்தப்போ அவர் உயிரோட இல்லை, 1943 மார்ச்சுலயே காலமாயிட்டார். புத்தகத்துல சொல்லாத விஷயம், அவர் மேடை ஏறி நடிச்சவர். பம்மல் சம்பந்த முதலியார் 1891ல சென்னையில ஆரம்பிச்ச சுகுண விலாச சபாவுல உறுப்பினர், நடிகர். ஆக, நம்ம பைப்புல வர்ற தண்ணிக்கு ஒரு நாடகக்காரர் பேரும் உண்டு.

சுகுண விலாச சபாங்கறது வக்கீல்கள், அதிகாரிகள், படிச்சவங்க பொழுதுபோக்கா நடிச்ச இடம். வசனத்துக்கு மரியாதை, பாட்டு அளவோட. அதே காலத்துல ஊர் ஊரா கொட்டகை போட்டுப் பிழைச்ச தொழில்முறை நாடகக்காரங்க இன்னொரு உலகம். அங்க பாட்டுதான் எல்லாம். மேல்தட்டுக்காரங்க அவங்களை "கூத்தாடி"ன்னுதான் கூப்பிட்டாங்க. என் ஹாஸ்டல் ஜோக்குக்கு நூறு வயசு ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. சத்தியமூர்த்தி இந்த ரெண்டு உலகத்துக்கும் நடுவுல இருந்த கதவைத் திறந்தவர். தொழில்முறை நாடகப் பாடகர்களைக் காங்கிரஸ் மேடைக்குக் கூட்டிட்டு வந்தார். கட்சிக்குள்ளயே முகம் சுளிச்சவங்க இருந்தாங்க. அவர் பொருட்படுத்தலை. மைக் இல்லாமலே ஆயிரக்கணக்கான பேரைக் கட்டிப் போடுற குரலை எந்த அரசியல்வாதிதான் விடுவார்?

அந்த இன்னொரு உலகம் எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில பார்சி, மராத்தி நாடகக் கம்பெனிகள் தெற்கே சுத்த ஆரம்பிச்சது. வரைஞ்ச திரைச்சீலைகள், ஹார்மோனியம், சீன் மாத்துற வித்தை எல்லாம் அவங்களோட வந்தது. இங்க ஏற்கெனவே கூத்து இருந்தது, கதைப் பாட்டு இருந்தது. ரெண்டும் கலந்தது. தெலுங்கு பக்கத்துலயும் இதேதான். கடப்பா மாவட்டத்து சுரபி கிராமத்துல 1885ல 'கீசக வதம்' போட்ட ஒரு குடும்பம் சுரபி நாடகக் குழுவா வளர்ந்து, தலைமுறை தலைமுறையா இன்னும் ஆடிக்கிட்டு இருக்கு. எங்க ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் பத்ய நாடகம்னு ஒண்ணு உண்டு. பத்யத்தோட கடைசி வார்த்தையைப் பிடிச்சு நடிகர் ராகம் இழுப்பார் பாருங்க, கூட்டம் "ஒன்ஸ்மோர்"னு கத்தும், அவர் மறுபடி முதல்ல இருந்து பாடுவார். கதை அதுவரைக்கும் நிக்கும். செத்து விழுந்தவர் எழுந்து ஒன்ஸ்மோர் பாடின கதைகள் ரெண்டு மொழியிலயும் உண்டு.

தமிழ்ல இதுக்கெல்லாம் ஒரு இலக்கணம் போட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், 1922ல புதுச்சேரியில இறந்தார். முதல்ல நடிகர். எமன், சனீஸ்வரன் மாதிரி வேஷங்கள். அவர் எமனா வந்ததைப் பார்த்துப் பயந்து கர்ப்பிணி ஒருத்தங்களுக்குக் கரு கலைஞ்சு போச்சு, அதுக்கப்புறம்தான் வேஷம் கட்டுறதையே விட்டார்னு ஒரு கதை சொல்வாங்க. பிறகு எழுத்து, வாத்தியார் வேலை. 1918ல மதுரையில சிறுவர்களை வெச்சு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா ஆரம்பிச்சார். அதுல நடிச்ச பையன்கள்ல ஒருத்தர் பின்னாடி அவ்வை சண்முகம்னு பேர் வாங்கின டி. கே. சண்முகம். அவருக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே ராத்திரியில பாட்டோட எழுதி முடிச்சதைச் சண்முகம் தன் சுயசரிதையில பதிவு செஞ்சிருக்கார். நான் ஸ்பிரின்ட் கடைசி நாள்ல எழுதற கோடுக்கும் இதுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அவர் எழுதினது நூறு வருஷமா ப்ரொடக்ஷன்ல ஓடுது.

விளையாட்டுக்குச் சொல்லலை. சுவாமிகளோட 'வள்ளி திருமணம்' இன்னிக்கும் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழாக்கள்ல நடக்குது. அதை ஸ்பெஷல் நாடகம்னு சொல்றாங்க. ஏன் 'ஸ்பெஷல்'? கம்பெனி நாடகத்துல எல்லாரும் ஒரே குழு, சேர்ந்து இருப்பாங்க, ஒத்திகை பார்ப்பாங்க. ஸ்பெஷல்ல அப்படி இல்லை. முருகன் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், ஹார்மோனியம் இன்னொரு ஊர். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா அந்த ஒரு ராத்திரிக்கு புக் பண்ணுவாங்க. ஒத்திகை கிடையாது. சில சமயம் மேடையிலதான் முதல்முறை முகத்தைப் பார்த்துக்குவாங்க. ஆனா நாடகம் விடிய விடிய ஓடும். எல்லாருக்கும் சுவாமிகளோட கதையும் பாட்டும் மனப்பாடம், எது எங்க வரும்னு தெரியும். நாங்க இதை இன்டர்ஃபேஸ்னு சொல்வோம். ரெண்டு சர்வீஸ் ஒண்ணை ஒண்ணு தெரியாமலே பேசிக்கும், ஒப்பந்தம் மட்டும் சரியா இருந்தாப் போதும்.

ஆனா என் உதாரணம் ஒரு இடத்துல உடையுது. நல்லவேளை உடையுது. வள்ளியும் நாரதரும் பண்ற தர்க்கம், வள்ளியும் முருகனும் பண்ற தர்க்கம், இதெல்லாம் அன்னிக்கு ராத்திரி அங்கேயே உருவாகுறது. அவர் ஒரு கேள்வியைப் பாட்டுல போட்டா இவங்க பாட்டுலயே மடக்கணும். கூட்டம் யார் பக்கம்னு கைதட்டுல தெரியும். அதைக் கேட்டு அடுத்த கேள்வி மாறும். பார்க்கிறவங்க சத்தம் நாடகத்துக்குள்ள போய் நாடகத்தை மாத்துது. மும்பைக்குப் போன எங்க டீம் தோழி "நான் அசையவே இல்ல"ன்னு சொன்னாங்க இல்லையா, இங்க அதுக்கு நேர் எதிர். நீங்க அசையணும், கத்தணும், தலையாட்டணும். பாடுறவருக்கு அது கேட்கணும்.

ஒருத்தர் இதை ஆயுதமாவே ஆக்கினார். எஸ். எஸ். விஸ்வநாததாஸ். 1886ல சிவகாசியில பிறந்தவர், திருமங்கலத்துல வாழ்ந்தவர். முடிதிருத்தும் சமூகத்தைச் சேர்ந்தவர், அதனாலயே இவரோட மேடையில சேர்ந்து நடிக்க மாட்டோம்னு சொன்னவங்க இருந்தாங்க. கடவுள் முருகனா நடிக்கிறவர்கிட்ட சாதி கேட்ட ஊர் இது.

1876லயே பிரிட்டிஷ் அரசு நாடகங்களைத் தடை செய்ய ஒரு சட்டம் கொண்டு வந்திருந்தது. ஆட்சேபகரமான நாடகத்தை நிறுத்தலாம். ஆனா வள்ளி திருமணத்தை எதைச் சொல்லி நிறுத்துவீங்க? குறத்திப் பொண்ணு தினைப்புனத்துல பறவை விரட்டுறா, முருகன் வந்து காதலிக்கிறார். இதுல ராஜ துரோகம் எங்க இருக்கு? விஸ்வநாததாஸ் அந்தத் தினைப்புனத்தைத்தான் பிடிச்சார். பயிரைத் தின்ன வந்த பறவைகளை விரட்டுற இடத்துல, கொக்கைப் பத்தி ஒரு பாட்டைப் பாடுவார். வெள்ளையா இருக்கு, கடல் தாண்டி வந்திருக்கு, நம்ம விளைச்சலைத் தின்னுது. கொட்டகையில இருந்த கடைசி ஆளுக்கும் அது எந்தக் கொக்குன்னு புரியும். எழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்தா அதுல ஒண்ணும் இருக்காது. பாடின பிறகு, பாடினவரைத்தான் பிடிக்க முடியும். பிடிச்சாங்க, திரும்பத் திரும்பச் சிறைக்கு அனுப்பினாங்க. வெளிய வருவார், வேஷம் கட்டுவார், மறுபடி பாடுவார்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். வள்ளி திருமணம். முருகன் வேஷத்துல மயில் மேல உட்கார்ந்து பாடிக்கிட்டு இருக்கும்போதே உயிர் பிரிஞ்சது. முதல்ல அதையும் நடிப்புன்னு நினைச்சவங்க இருந்திருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. பூண்டி ஏரிக்கு அடிக்கல் நாட்டினதும் அதே 1940தான். ரெண்டுக்கும் தொடர்பு ஒண்ணும் இல்லை. பேப்பர்ல தேதிகளை எழுதி வெச்சுப் பார்த்தப்போ பக்கத்துல பக்கத்துல வந்தது, அதான் சொன்னேன்.

கிட்டப்பா, சுந்தராம்பாள் பத்திச் சொல்லலைன்னா எங்க ஆயா என்னை விட மாட்டாங்க. எஸ். ஜி. கிட்டப்பா, செங்கோட்டைக்காரர். கே. பி. சுந்தராம்பாள், கொடுமுடிக்காரங்க. சின்ன வயசுல ரயில்ல பாடிக்கிட்டு இருந்தப்போ ஒருத்தர் கேட்டு நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போனதாச் சொல்வாங்க. 1920கள்ல இலங்கையில ரெண்டு பேரும் முதல்ல ஜோடி சேர்ந்து நடிச்சாங்க. மேடையில ரெண்டு பேருக்கும் போட்டி. அவர் உச்ச ஸ்தாயிக்குப் போனா இவங்களும் போவாங்க. கூட்டத்துக்கு அதுதான் திருவிழா. மேடைப் போட்டி காதலாச்சு, கல்யாணமாச்சு, பிரச்சினையுமாச்சு. 1933 டிசம்பர்ல கிட்டப்பா இறந்தப்போ அவருக்கு வயசு 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்னையில இருந்து வெள்ளைப் புடவை. எந்த ஆணோடும் ஜோடியா நடிக்கிறதில்லைன்னு முடிவு. அதனாலதான் 1935ல 'நந்தனார்' படத்துக்குக் கூப்பிட்டப்போ, நந்தனார் வேஷத்தையே அவங்க போட்டாங்க. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்துல. சத்தியமூர்த்தி கூட்டிட்டு வந்த பாடகர்கள்ல இவங்க முக்கியமானவங்க. காங்கிரஸ் கூட்டங்கள்ல இவங்க பாட்டுக்காகவே கூட்டம் சேர்ந்தது. 1951ல மேலவை உறுப்பினரும் ஆனாங்க.

அதுக்குள்ள சினிமா பேச ஆரம்பிச்சிருச்சு. 1931ல 'காளிதாஸ்'. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி நாடகத்துல இருந்து வந்தவங்க. 1934ல வந்த 'பவளக்கொடி' படத்துல ஐம்பது பாட்டு. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில நடிச்சுக்கிட்டு இருந்த நாடகத்தைப் பார்த்துத்தான் கே. சுப்ரமணியம் அதைப் படமாக்கினார். "இந்தியப் படத்துல ஏன் இத்தனை பாட்டு?"ன்னு வெளிநாட்டு நண்பர்கள் கேட்டா, இனிமே பதில் சொல்லத் தெரியும் இல்லையா. நாம பாட்டைப் படத்துக்குள்ள சொருகலை. இருந்த பாட்டு நாடகத்துக்கு முன்னாடி கேமராவை வெச்சோம். ஆனா கேமராவுக்குக் காது இல்லை. ஒன்ஸ்மோர்னு கத்தினா பாகவதர் திரையில திரும்பிப் பாட மாட்டார்.

கொட்டகைகள் ஒவ்வொண்ணா சினிமா தியேட்டரா மாறுச்சு. கூத்துக்குக் கொட்டகையே கிடையாது, அதனால அது கிராமத்துத் திடல்ல தப்பிச்சுது. 1977ல ந. முத்துசாமி கூத்துப்பட்டறை ஆரம்பிச்சப்போ, புரிசை கண்ணப்பத் தம்பிரான்கிட்ட இருந்து கூத்தைக் கத்துக்கிட்டது நவீன நாடகம். இதைப் பத்தித் தனி எபிசோடே போடலாம், இப்ப தாண்டிப் போறேன். எனக்குச் சொல்ல வேண்டியது போன வருஷம் நடந்தது.

எங்க பக்கத்து கிராமத்துல முன்னாடி பத்து ராத்திரி நடந்த கூத்து மூணு ராத்திரியாக் குறைஞ்சிருந்தது. போன வருஷம் அதையும் நிறுத்திட்டு லைட் மியூசிக் வைக்கலாம்னு விழாக் குழுவுல பேச்சு. காரணம் நியாயமானது. 2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு நள்ளிரவு வரைக்கும் தளர்வு கிடைக்கும், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல கிடையாது. கூத்து களை கட்டுறதே பன்னிரண்டுக்கு மேலதான். விடியற வரை நடக்கிற கதையை ரெண்டு மணி நேரத்துல முடிங்கன்னா எப்படி? அதுவும் இல்லாம, பசங்க வர்றது இல்லை. பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்லயும் ஸ்ரீசிட்டியிலயும் ஷிப்ட் வேலை. யாருக்காக ஆடறதுன்னு கேட்டாங்க.

கூத்து வாத்தியார், அறுபது தாண்டினவர், கூட்டத்துல கடைசியாத்தான் பேசினாராம். "பன்னிரண்டு வரைக்கும் மைக்கு குடுங்க. அப்புறம் எங்க தாத்தன் ஆடின மாதிரி ஆடிக்கிறோம்." சரி, ஒரே ராத்திரி, கர்ண மோட்சம் மட்டும்னு முடிவாச்சு.

ஆயா போன் பண்ணினாங்க. வயசு எண்பதுக்கு மேல, காது சரியாக் கேட்காது. "மைக்கு இல்லாம ஆடப் போறாங்களாம், என்னக் கூட்டிட்டுப் போ கண்ணு"ன்னாங்க. காது கேட்காதவங்க மைக் இல்லாத கூத்துக்கு எதுக்கு வரணும்? நான் அதைக் கேட்கலை. வெள்ளிக்கிழமை லேப்டாப்பை மூடிட்டு கிளம்பிட்டேன்.

பன்னிரண்டு வரைக்கும் எல்லாம் வழக்கம் போல. தலைக்கு மேல தொங்குற மைக், கரகரன்னு ஸ்பீக்கர், கூட்டம் அங்கங்க சிதறி உட்கார்ந்து போன் பார்த்துக்கிட்டு. பன்னிரண்டு அடிச்சதும் ஸ்பீக்கர்காரர் ஒயரைப் பிடுங்கினார். அந்த நிமிஷம் சட்டுனு ஒரு அமைதி, தவளைச் சத்தம் கேட்டது. பொன்னுருவி வேஷம் கட்டினவர் பாட ஆரம்பிச்சார். பின்னாடி இருந்தவங்களுக்குக் கேட்கலை. ஒருத்தர் எழுந்து பாயைச் சுருட்டிக்கிட்டு முன்னாடி வந்தார். அடுத்து ரெண்டு குடும்பம். பத்து நிமிஷத்துல இருந்த கூட்டம் பூரா கூத்துக் களத்தைச் சுத்தி, கையை நீட்டினா வேஷக்காரர் கால்ல படற தூரத்துல உட்கார்ந்திருந்தது. பி ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல இறங்கின பசங்க, கழுத்துல ஐடி கார்டோட, என்ன நடக்குதுன்னு பார்க்க வந்து நின்னாங்க. நின்னவங்க உட்கார்ந்தாங்க.

கர்ணன் போருக்குப் போறதுக்கு முன்னாடி பொன்னுருவிகிட்ட விடை கேட்க வர்றான். தேரோட்டி வளர்த்த பையன், பிறப்பு தெரியாதவன்னு வாழ்நாள் பூரா இகழ்ந்த மனைவி. கேட்கிறது ஒரு தாம்பூலம், ஒரு நல்ல வார்த்தை. அந்தப் பாட்டு நீண்டுக்கிட்டே போகுது. நான் ஆயாவை ஹார்மோனியத்துக்குப் பக்கத்துல உட்கார வெச்சிருந்தேன். வாத்தியார்தான் கர்ணன். அவர் பாடி நிறுத்தற இடத்துல பின்பாட்டுக்காரங்க எடுக்கணும். அதுக்கு அரை நொடி முன்னாடி, ஆயா எடுத்தாங்க. குரல் நடுங்குது, ஸ்ருதி கிட்டத்தட்ட சரி. அவங்க கேட்டுப் பாடலை, வாத்தியார் வாயைப் பார்த்துப் பாடினாங்க. அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த அடியை ஆயாவுக்கு முன்னாடி வந்து நின்னு, குனிஞ்சு, அவங்க முகத்தைப் பார்த்தே பாடினார். கர்ணன் விடை கேட்டது பொன்னுருவிகிட்டயா எங்க ஆயாகிட்டயான்னு எனக்குத் தெரியலை. ஐடி கார்டு பையன் ஒருத்தன் "ஒன்ஸ்மோர்"னு கத்தினான். யாரும் அவனுக்குச் சொல்லிக் குடுக்கலை. வாத்தியார் சிரிச்சுட்டு, மறுபடி பாடினார்.

நாலரை மணிக்குக் கர்ணன் செத்தான். ஆயா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "முன்ன மாதிரி இல்ல, சீக்கிரம் முடிச்சுட்டான்"ன்னு குறை சொன்னாங்க.

திங்கட்கிழமை கேன்டீன்ல நான் ஒண்ணும் சொல்லலை, இன்னும் தைரியம் வரலை. அதான் இங்க சொல்லிட்டேன். எங்க டீம்ல எல்லாரும் இந்த எபிசோடைக் கேட்பாங்கன்னு தெரியும்.

இந்த வருஷம் ரெண்டு ராத்திரின்னு குழுவுல முடிவு ஆகியிருக்கு, ரெண்டாவது ராத்திரி துகில். தேதி உறுதியானதும் எபிசோட் விவரத்துல போடறேன். கோயம்பேட்டுல இருந்து ஊத்துக்கோட்டைக்கு பஸ் இருக்கு, பெரியபாளையம் வழி. பாய் நீங்க கொண்டு வரணும், கொசுவர்த்தி நான் வாங்கி வைக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு மேல வந்தாலும் பரவாயில்லை.